கரன்ட் ஆடலாம், சூடு ஆடக் கூடாது

போன இதழில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதைப் பற்றி எழுதும்போது, "தண்ணீரை ஆவியாக்கி, 800 டிகிரிக்குச் சூடேற்றிப் பிரித்தால் கரன்ட் செலவு குறையும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு மேசை நிறையக் கடிதங்கள். பாதிப் பேர் நான் உளறுகிறேன் என்கிறார்கள். மீதிப் பேர் அந்த மெஷினை எங்கள் ஊர்க் காற்றாலைக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை பாய்லர் பக்கத்திலேயே நின்றவனிடம் ஆவியைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, பள்ளிக்கூட லேபில் பச்சைத் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு பேட்டரியில் இணைத்தாலே குமிழி வருகிறது. அதைப் போய் 800 டிகிரிக்குச் சுடவைப்பானேன்? சூட்டுக்கும் காசு, கரன்ட்டுக்கும் காசு என்று இரட்டைச் செலவுதானே?
– குடும்பத் தலைவி, காரைக்குடி

வீட்டுக் கணக்கு எழுதுகிறவர் கேட்கிற கேள்வி. கணக்காகவே பதில் சொல்கிறேன்.

ஒரு கிலோ ஹைட்ரஜன் வேண்டுமென்றால் 9 லிட்டர் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். எந்த வழியில் பிரித்தாலும், அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரிலிருந்து தொடங்கினால் 39.4 யூனிட் ஆற்றல் உள்ளே போயாக வேண்டும். யூனிட் என்றால் உங்கள் மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். இதில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது.

ஆனால் இந்த 39.4 முழுவதையும் கரன்ட்டாகவே கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு பகுதியைச் சூடாகவும் கொடுக்கலாம். பச்சைத் தண்ணீரில் சூட்டுக்கான பங்கு சின்னது. சுமார் 33 யூனிட்டைக் கரன்ட்டாகக் கொடுத்தே தீர வேண்டும். 800 டிகிரியில் இருக்கும் ஆவிக்கோ சுமார் 26 யூனிட் கரன்ட் போதும், மிச்சத்தைச் சூடு பார்த்துக்கொள்ளும். இவை ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் வழியில் கசிவதெல்லாம் சேர்ந்து, குளிர்ந்த தண்ணீரில் ஓடும் எலக்ட்ரோலைசர்கள், அதாவது கரன்ட்டால் தண்ணீரைப் பிரிக்கும் மெஷின்கள், கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் வரை சாப்பிடுகின்றன. ஆவியில் ஓடுவது, ஆவியை வேறு யாராவது கொடுத்தால், 40 யூனிட்டில் முடித்துவிடுகிறது.

"ஆவியை வேறு யாராவது கொடுத்தால்" என்ற இடத்தில்தான் உங்கள் இரட்டைச் செலவுக்கு விடை இருக்கிறது. 9 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஆறரை யூனிட்டுக்குச் சமமான சூடு வேண்டும். அதையும் கரன்ட் ஹீட்டர் போட்டுக் கொதிக்கவைத்தால் லாபத்தில் பெரும்பகுதி அடுப்பிலேயே போய்விடும். பக்கத்தில் ஓர் உருக்காலை இருந்து, அது புகைபோக்கி வழியாக வானத்துக்கு விடும் சூட்டில் ஆவி பிடித்தால், அந்த ஆறரையும் ஓசி.

இன்னொன்று. 800 டிகிரி என்றதும் எல்லோரும் 800 டிகிரி உலை தேடுகிறார்கள். தேவையில்லை. வெளியிலிருந்து 150 டிகிரி அளவில் ஆவி வந்தால் போதும். உள்ளேயிருந்து வெளியே வரும் கொதிக்கிற வாயு, உள்ளே போகும் ஆவியைச் சூடேற்றிவிட்டுத்தான் போகும். கடைசிச் சூட்டைக் கரன்ட் ஓடும்போது மெஷினே உண்டாக்கிக்கொள்ளும். ஏற்றிய சூட்டை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் இதில் சாமர்த்தியம்.

அந்த மெஷினுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? இது புதுக் கண்டுபிடிப்பா?
– கல்லூரி மாணவி, சிவகாசி

உங்கள் வீட்டில் யாராவது அமெரிக்கன் டைமண்ட் மூக்குத்தி போட்டிருக்கிறார்களா? அந்தக் கல் சிர்கோனியா. இந்த மெஷினின் இதயமும் சிர்கோனியாதான். கூடக் கொஞ்சம் இட்ரியா என்ற ஆக்சைடு சேர்த்துச் சுட்ட பீங்கான் தகடு. கனம் காகிதம் போல இருக்கும். அறைச் சூட்டில் கரன்ட்டைத் தொடவிடாத சுத்தமான பீங்கான் அது. 700, 800 டிகிரிக்குப் போனால் அதற்குள் ஆக்சிஜன் அயனிகள் நடக்க ஆரம்பிக்கும். வேறு எதையும் உள்ளே விடாது. தகட்டின் ஒரு முகத்தில் நிக்கல் கலந்த பூச்சு, மறுமுகத்தில் லாந்தனம் கலந்த ஆக்சைடு பூச்சு. நிக்கல் பக்கம் ஆவி வருகிறது, கரன்ட் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிய்த்து எடுக்கிறது, ஆக்சிஜன் தகட்டுக்குள் நடந்து மறுபக்கம் போய்விடுகிறது. இந்தப் பக்கம் ஹைட்ரஜன் மிச்சம். இப்படிப் பூச்சோடு கூடிய ஒரு தகடுதான் ஒரு செல். இப்படிப்பட்ட செல்களை இட்லித் தட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஓர் அடுக்கு. பல அடுக்குகளை ஒரு சூட்டுப் பெட்டிக்குள் வைத்தால் மெஷின்.

புதுசா என்றால், பீங்கான் நம் கொள்ளுத்தாத்தா காலத்தது. 1897-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற வேதியியலாளர் இதே சிர்கோனியா-இட்ரியாக் கலவையில் குச்சி செய்து விளக்கு எரித்தார். ஜெர்மனியின் மின்சாதன நிறுவனமான ஏஇஜி அந்தக் காப்புரிமையைப் பெரும் தொகைக்கு வாங்கி, 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் தன் அரங்கில் எரியவிட்டது. அந்த விளக்கில் ஒரு வேடிக்கை உண்டு. சுவிட்சைப் போட்டால் எரியாது. முதலில் குச்சியைச் சூடேற்ற வேண்டும். சூடேறினால்தான் கரன்ட் உள்ளே போகும், கரன்ட் போனால்தான் வெளிச்சம். ஆரம்பத்தில் தீயைக் காட்டிச் சூடேற்றினார்கள், பிறகு அதற்கென்று ஒரு கம்பிச் சுருள் வைத்தார்கள். எடிசன் வகை பல்ப் தேறிவந்ததும் இது கடையைக் கட்டிக்கொண்டது.

1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஜெர்மனியில் டோர்னியர் நிறுவனம் 'ஹாட் எல்லி' என்று பெயர் வைத்து இதே பீங்கானில் குழாய் செய்து ஹைட்ரஜன் எடுத்துப் பார்த்தது. எண்ணெய் விலை இறங்கியது, எல்லியும் தூங்கப் போனாள். இப்போது எழுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் நிலத்தில் இரண்டு காற்றாலை நிற்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறோம். ஆடிக் காற்றில் நன்றாகச் சுற்றும்போது, கிரிட்டில் இடமில்லை என்று நிறுத்தச் சொல்லிவிடுகிறார்களாம். அந்த வீணாகும் கரன்ட்டில் இந்த மெஷினை ஓட்டி, காற்று நின்றால் நிறுத்தி, வந்தால் மறுபடி ஓட்டக் கூடாதா? ஏன் யாரும் செய்யவில்லை?
– விவசாயி, உடுமலைப்பேட்டை

அண்ணாச்சி, இந்த வாரத்தின் பெரிய கேள்வி உங்களுடையது. முதலில் ஒரு சின்ன வயசுச் சமாசாரம்.

எங்கள் வீட்டில் கரன்ட் வருவதற்கு முன்னால் ஓர் அரிக்கேன் விளக்கு. மழை நாளில் அதைத் திண்ணைக்கு எடுத்துப் போனால் அம்மா திட்டுவாள். எனக்குக் காரணம் தெரியாது. ஒருநாள் எடுத்துப் போனேன். ஓட்டு விளிம்பிலிருந்து ஒரே ஒரு சொட்டு, எரிந்துகொண்டிருந்த சிம்னி மேல். டிக் என்று ஒரு சத்தம், மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு. சிம்னி நாள் முழுக்கச் சூட்டைத் தாங்கும். குளிரையும் தாங்கும். ஓர் ஓரம் சூடாகவும் இன்னோர் ஓரம் குளிராகவும் இருப்பதைத்தான் தாங்காது.

பிற்பாடு அதையே பெரிய அளவில் பார்த்தேன். நான் வேலை பார்த்த அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட். காற்றாலைகள் பெருகிய வருடங்களில், காற்று சீசன் வந்தால் இரவு பதினொரு மணிக்கு எந்த மின் நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் மையத்திலிருந்து போன் வரும்: "காற்று ஏறிவிட்டது, இறக்குங்கள்." 210-ஐ 140-க்கு இறக்குவது பெரிய விஷயமில்லை. ஒரு வருடம் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் மறுபடி பாய்லரைப் பற்றவைத்தோம். இரண்டு நாளில் திரும்ப நிறுத்தம், திரும்பப் பற்றவைப்பு. நாலாவது முறை ஏற்றும்போது, அதிகாலை மூன்று மணிக்கு, சீறுகிற சத்தம். டியூப் லீக். ஹெட்டர் என்கிற கனமான பெரிய குழாயும் மெல்லிய டியூபும் சேரும் வெல்டிங்கில், ஒன்று சீக்கிரம் சூடேறி மற்றது தாமதமாக ஏறியதில், வாய் பிளந்துவிட்டது. சரிசெய்ய மூன்று நாள். விளக்கம் கேட்டு எனக்குத்தான் மெமோ. காற்றுக்கு யார் மெமோ கொடுப்பது?

அது இரும்பு. கொஞ்சம் வளைந்துகொடுக்கும். நீங்கள் கேட்கும் மெஷினில் இருப்பது பீங்கான். 10 செ.மீ. அகலமுள்ள சிர்கோனியாத் தகட்டை அறைச் சூட்டிலிருந்து 800 டிகிரிக்கு ஏற்றினால் அது சுமார் 0.8 மி.மீ. விரியும். அதோடு ஒட்டியிருக்கும் நிக்கல் பூச்சு அதைவிடக் கூடுதலாக விரியப் பார்க்கும். விளிம்பை அடைக்க உருக்கி ஊற்றிய கண்ணாடி சீலுக்கு அதன் சொந்தக் கணக்கு. ஒவ்வொரு முறை முழுக்க ஆறவைத்துத் திரும்பச் சூடேற்றும்போதும் இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அதனால்தான் ஆறிய மெஷினைச் சூடேற்ற மணிக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அவசரப்பட்டால் டிக்.

ஆற விடுவதில் இன்னோர் ஆபத்து நிக்கலுக்கு. சூட்டோடு இருக்கும்போது அந்தப் பக்கம் காற்று புகுந்தால் நிக்கல் ஆக்சைடாகி உப்பிக்கொண்டு தகட்டையே உடைத்துவிடும். அதனால் உற்பத்தி நின்றிருக்கும்போதும் நிக்கல் முகத்தில் கொஞ்சம் ஹைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தான் கறந்த பாலில் தானே ஒரு டம்ளர் குடிக்கும் மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சரி, முழுக்க நிறுத்த வேண்டாம். காற்று பாதியானால் மெஷினையும் பாதியில் ஓட்டலாமே?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் விஷயம் தலைகீழ்.

தோசைக்கல்லை நினையுங்கள். மாவு ஊற்றினால் கல் ஆறும், அடுப்பு அதை ஈடுகட்டும். இந்தச் செல்லில் ஆவியைப் பிரிக்கும் வேலை மாவு மாதிரி, சூட்டை உறிஞ்சும். செல்லின் மின்தடையில் உண்டாகும் சூடு அடுப்பு மாதிரி. ஒரு செல்லுக்கு 1.29 வோல்ட் கொடுத்து ஓட்டினால் உறிஞ்சுவதும் உண்டாவதும் சரிக்குச் சரி. கல் ஆறவும் ஆறாது, காயவும் காயாது. கரன்ட்டைப் பாதியாக்கினால் உறிஞ்சும் சூடு பாதியாகும். ஆனால் மின்தடைச் சூடு கரன்ட்டின் இருமடியைப் பொறுத்தது, அதனால் அது கால்வாசியாகிவிடும். மாவு பாதி, தீ கால். கல் ஆறத் தொடங்கும், அதுவும் ஆவி நுழையும் ஓரம் முதலில் ஆறும். அரிக்கேன் சிம்னியின் கதைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், மிக அதிகமாக ஆறுவது சரியாகப் பாதி லோடில்தான். கரன்ட் சுத்தமாக இல்லையென்றால் உறிஞ்சுவதும் இல்லை. பெட்டியின் சுவர் வழியாகக் கசியும் சூட்டை மட்டும் ஒரு சின்ன ஹீட்டர் ஈடுகட்டினால் போதும்.

ஆக, முழு லோடு நல்லது, பூஜ்ஜியமும் பரவாயில்லை, பாதிதான் தொல்லை. பத்து அடுக்கு இருந்து காற்று பாதியாகக் குறைந்தால், பத்தையும் பாதியில் ஓட்டாமல் ஐந்தை முழுசாக ஓட்டி, ஐந்தைச் சூட்டோடு சும்மா வைத்திருக்க வேண்டும். பிறகு முறை மாற்றிக்கொள்ளலாம். சூட்டோடு காத்திருக்கும் அடுக்கு நிமிடங்களில் வேலைக்கு வந்துவிடும்.

கரன்ட்டை இப்படிப் போட்டு அணைத்தால் செல் தாங்குமா என்று ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக் குழு சோதித்தது. ஒரே செல்லைச் சூடு மாறாமல் வைத்துக்கொண்டு, சுமார் ஓராண்டில் 80,000 முறை கரன்ட்டைப் போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். முடிவை 2020-ல் வெளியிட்டார்கள். செல் அசரவில்லை. அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் 2022-ல் புளூம் எனர்ஜி என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஒரு முழு மெஷினையே 100 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்குப் பத்து நிமிடத்துக்குள் இறக்கிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. காற்று கரன்ட்டோடு விளையாடிக்கொள்ளட்டும், சூட்டைத் தொடாமல் இருந்தால் சரி.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருவோம். ஆடிக் காற்றின் நடுவே ஒரு மணி நேரம், ஒரு ராத்திரி காற்று விழுந்தால், சூடு காக்க ஒரு பேட்டரியோ கிரிட்டிலிருந்து கொஞ்சம் கரன்ட்டோ போதும். ஐப்பசிக்கு மேல் சீசனே முடிந்து மாதக்கணக்கில் காற்றாலை தூங்கும்போது என்ன செய்வீர்கள்? ஆறவிட்டால் பீங்கானுக்குக் கேடு, சூட்டோடு காத்தால் காசுக்குக் கேடு. அதோடு, நிலத்தின் நடுவில் ஓசி ஆவி தர யாருமில்லை. காற்றாலை நிறுத்தப்படும் சில நூறு மணி நேரத்துக்காக இவ்வளவு விலையுள்ள மெஷினை வாங்குவது, ஆடிப்பெருக்குக்கு மட்டும் ஓட்டச் சொந்தமாகக் கப்பல் வாங்குவது மாதிரி. உங்கள் இடத்துக்குக் குளிர்ந்த தண்ணீரில் ஓடும் வகையே மேல். நினைத்தபோது போடலாம், நினைத்தபோது அணைக்கலாம், உடையாது.

இந்த வேலைப் பிரிவினையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் வட ஜெர்மனியின் ஸால்ஸ்கிட்டர் உருக்காலைக்குப் போக வேண்டும். அந்த வளாகத்தில் ஏழு காற்றாலை நிற்கிறது, மொத்தம் 30 மெகாவாட். அவற்றோடு சேர்த்து 2021-ல் குளிர்ந்த தண்ணீர் வகை எலக்ட்ரோலைசர்களை ஓடவிட்டார்கள். அதே உருக்காலையில்தான் டிரெஸ்டனின் சன்ஃபயர் நிறுவனம் செய்த ஆவி வகை மெஷினும் 2022 வரை சோதனையில் ஓடியது. உருக்காலையின் கழிவுச் சூட்டில் பிடித்த ஆவி, 720 கிலோவாட் கரன்ட், மணிக்கு 200 கன மீட்டர் ஹைட்ரஜன், அதாவது 18 கிலோ. 720-ஐ 18-ஆல் வகுங்கள், 40 வரும். காரைக்குடி அம்மாவுக்கு மேலே சொன்ன அதே 40. அந்தச் சோதனை முடிவதற்குள் சுமார் 100 டன் ஹைட்ரஜன் எடுத்தார்கள். உருக்குத் தகட்டைப் பதப்படுத்த ஹைட்ரஜன் அந்த ஆலைக்கு எப்படியும் வேண்டும், அதனால் விற்க அலைய வேண்டியதில்லை.

நம் பக்கம் இதற்குப் பொருத்தமான இடம் சொல்லுங்கள் என்றால், காற்றாலைக்கு அடியில் வேண்டாம், அம்மோனியா செய்யும் உர ஆலைக்குப் பக்கத்தில் பாருங்கள் என்பேன். தூத்துக்குடியிலேயே ஒன்று இருக்கிறது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியாவாகும்போது தானாகவே சூடு வெளிவரும், அதில் ஆவி பிடிக்கலாம். காற்றும் வெயிலும் கம்பி வழியாக வந்து சேரட்டும். இரண்டும் கலந்து வந்தால் ஏற்ற இறக்கமும் குறையும். டென்மார்க்கின் டாப்சோ நிறுவனம் பல காலமாக அம்மோனியா ஆலை வடிவமைக்கிற கம்பெனி. அவர்கள் ஹெர்னிங் நகரில் இந்தச் செல்களுக்கே ஒரு தொழிற்சாலை கட்டியதற்குக் காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதே மெஷின் செவ்வாய் கிரகத்தில் ஓடியது என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். அடித்துவிடுகிறாரா?
– பாலிடெக்னிக் மாணவர், திருச்சி

இந்த ஒரு விஷயத்தில் அடித்துவிடவில்லை. நாசாவின் பெர்சிவரன்ஸ் வண்டியில் மாக்ஸி என்று ஒரு பெட்டி போனது. அதே வகைப் பீங்கான் செல், அதே 800 டிகிரி. ஆனால் பிரித்தது தண்ணீரை அல்ல, செவ்வாயின் கரியமில வாயுவை. எடுத்தது ஹைட்ரஜன் அல்ல, ஆக்சிஜன். 2021 ஏப்ரலில் முதல் முறை, 2023 ஆகஸ்டில் கடைசி முறை. மொத்தம் 16 ஓட்டம், 122 கிராம். ஒரு மனிதன் மூன்றரை மணி நேரம் மூச்சுவிடலாம்.

உடுமலை அண்ணாச்சி கேட்டதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. வண்டியில் பவர் குறைவு, அதனால் எப்போதும் சூட்டோடு வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் முழுக்க ஆறவிட்டு, திரும்பச் சுமார் இரண்டு மணி நேரம் சூடேற்றித்தான் ஓட்டினார்கள். அத்தனை முறையும் பீங்கான் உடையாமல் தாங்கியது. அளவு சின்னது, செய்நேர்த்தி அப்படி, செலவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு மெகாவாட் அளவு மெஷினையும் தினம் ஆறவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் ஊர்ச் சங்கதி ஒன்றும் இருக்கிறது தம்பி. மேலே சொன்ன புளூம் எனர்ஜியை ஆரம்பித்த கே.ஆர். ஸ்ரீதர், இப்போது என்ஐடி என்று அழைக்கப்படும் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, செவ்வாயில் ஆக்சிஜன் எடுக்க இதே வகை மெஷினைத்தான் நாசாவுக்காகச் செய்தார். 2001-ல் இறங்கவேண்டிய விண்கலம் ரத்தானது, மெஷின் பூமியிலேயே தங்கிவிட்டது. மனுஷன் சும்மா இருக்கவில்லை. கரன்ட் கொடுத்தால் வாயு தரும் செல்லைத் திருப்பிப் போட்டு, வாயு கொடுத்தால் கரன்ட் தரும் பெட்டியாக்கிக் கம்பெனி தொடங்கினார். பிறகு அதையே மறுபடி திருப்பி ஹைட்ரஜனுக்கு வந்தார். 2023 மே மாதம் கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் 4 மெகாவாட் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். நாளைக்கு 2.4 டன். மணிக்கு எவ்வளவு, கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

800 டிகிரி சூடு, உள்ளே ஹைட்ரஜன். வெடித்தால்?
– பெயர் வேண்டாம், சேலம்

அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் கசிந்தால் தீப்பொறிக்குக் காத்திருக்காது, காற்றைத் தொட்ட இடத்திலேயே எரிந்துவிடும். ஓரிடத்தில் சேர்ந்து நின்று வெடிக்க அதற்கு நேரமே கிடையாது. ஆபத்து மெஷினுக்குத்தான். எரியும் இடம் மேலும் சூடாகி, விரிசல் மேலும் விரியும். ஆளுக்கு ஆபத்து, மெஷினை விட்டு வெளியே வந்து ஆறிய பிறகு குழாயிலும் தொட்டியிலும் இருக்கும் ஹைட்ரஜனால். அதற்கு எல்லா ஹைட்ரஜன் ஆலைக்கும் உள்ள அதே கட்டுப்பாடுகள்தான்.

இவ்வளவு பக்குவமாகப் பார்த்துக்கொண்டாலும் எத்தனை வருஷம் உழைக்கும்?
– ஓய்வு பெற்ற போர்மேன், நெய்வேலி

நம்ம ஆள்! வாங்கும் முன் ஆயுளைக் கேட்கிறார்.

ஜெர்மனியின் யூலிஹ் ஆய்வு மையத்தில் 2007-ல் ஓர் அடுக்கைச் சூடேற்றினார்கள். 700 டிகிரியிலேயே வைத்து, பதினொரு வருஷத்துக்கு மேல், ஒரு லட்சம் மணி நேரம் தாண்டி ஓட்டினார்கள். ஆனால் அது கரன்ட் உற்பத்தி செய்யும் திசையில் ஓடியது. ஹைட்ரஜன் எடுக்கும் திசை செல்லுக்குக் கடினம். நிக்கல் மெல்ல இடம் பெயர்கிறது, ஆக்சிஜன் வெளியேறும் முகத்தில் பூச்சு உரியப் பார்க்கிறது. அந்தத் திசையில் ஒரு தனிச் செல்லை 23,000 மணி நேரம் ஓட்டிய சோதனை 2017-ல் வெளியானது. ஏறத்தாழ இரண்டே முக்கால் வருஷம். நம் பாய்லரோடு ஒப்பிட்டால் குழந்தை வயசு. இப்போதைக்கு, சில வருஷத்துக்கு ஒருமுறை செல் அடுக்கை மாற்றும் செலவைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் இந்த மெஷினுக்கு விலை பேச வேண்டும். அதைச் சேர்க்காமல் யாராவது உங்களிடம் ஹைட்ரஜன் விலை சொன்னால், ரசீதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்.

தண்ணீருக்கே லாரி வரும் ஊரில் இது தேவையா?
– ஆசிரியை, இராமநாதபுரம்

கிலோவுக்கு 9 லிட்டர் என்பது சுத்தம் செய்த தண்ணீர். கிணற்றிலிருந்தோ கடலிலிருந்தோ எடுப்பது அதைவிடக் கூடும். உப்பு கொஞ்சம் தங்கினாலும் செல்லுக்கு விஷம், ஆகவே சுத்திகரிப்பில் சிக்கனம் பிடிக்க முடியாது. உங்கள் ஊர் நிலத்தடி நீரில் கைவைக்க யாராவது வந்தால் எதிர்த்துக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். கடல் நீரைச் சுத்திகரித்து எடுக்கட்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட் செலவழிக்கிறவர்களுக்கு, அந்த 9 லிட்டரைக் குடிநீராக்கும் செலவு கொசுறு.

நான் எட்டாம் வகுப்பு. வீட்டில் ஆவியில் செய்து பார்க்கலாமா தாத்தா?
– மாணவன், கோவில்பட்டி

ஆவி வேண்டாம் கண்ணா. அடுப்பும் வேண்டாம், சுவர் பிளக் பக்கமே போகாதே. ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரு பக்கமும் சீவிய இரண்டு பென்சில், ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர், அதில் ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா. சாப்பாட்டு உப்பைப் போடக் கூடாது, குளோரின் வாயு வரும். ஒரு அட்டையில் பென்சில்களைக் குத்தித் தண்ணீரில் நிறுத்து. மேல் முனைகளைக் கம்பியால் பேட்டரியோடு சேர். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள், பக்கத்தில் தீக்குச்சி கூடாது, அம்மாவோ அப்பாவோ உடன் இருக்க வேண்டும். பேட்டரியின் எந்த முனையோடு சேர்ந்த பென்சிலில் குமிழி இரண்டு மடங்கு வருகிறது என்று பார்த்து, ஒரு தபால் கார்டில் எழுதிப் போடு.